காயலான் கடைக் கணக்கு

ஓடி ஓய்ந்த ஒரு சீலிங் ஃபேனின் கடைசிக் கால் மணி நேரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எந்த ஊர்க் காயலான் கடை வாசலிலும் போய் நிற்கலாம். முதலில் இறக்கைகள் கழலும். பிரிக்கிறவர் கையில் ஒரு காந்தத் துண்டு இருக்கும். இறக்கை அதில் ஒட்டினால் தகரக் குவியலுக்குப் போகும், ஒட்டாவிட்டால் அலுமினியக் குவியலுக்கு. தொங்கவிடும் தண்டு இரும்பு, அது தனி. மூடிகளைப் பிளந்ததும் செம்புக் கம்பி சுற்றிய நடுப்பாகம் வெளியே வரும். அதைக் கட்டை மேல் வைத்து, ஒரு பக்கச் சுற்றை உளியால் வெட்டித் தள்ளுவார். பிறகு திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து குறடால் இழுத்தால் செம்பு கொத்துக் கொத்தாக உருவிக்கொண்டு வரும். மிஞ்சுவது அடுக்கடுக்கான இரும்புத் தகடு. பேரிங்கைத் தட்டி எடுத்து டப்பாவில் போடுவார். விலை போகாத கெப்பாசிட்டர் மட்டும் ஓரமாகப் போய் விழும்.

இத்தனை மெனக்கெடுவது சுற்றுச்சூழலைக் காப்பாற்ற அல்ல. எடைக்கு எடை பார்த்தால் செம்பின் விலை பழைய இரும்பைப் போல இருபது மடங்குக்கும் மேல். அந்தச் செம்பை இரும்போடு சேர்த்து எடை போட்டால் கடைக்காரருக்கு நஷ்டம். நஷ்டத்துக்குப் பயந்து அவர் செய்யும் காரியத்தில் பூமிக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது. அந்த நன்மை எவ்வளவு, எந்த இடத்தில் அது கை நழுவிப் போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பிளாஸ்டிக் பையும் தெர்மாகோலும் தெருவில் கிடக்கும். ஒரு கிலோ இரும்பு கிடக்குமா? விடிவதற்குள் யாராவது எடுத்துப் போயிருப்பார்கள். 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று சைக்கிளில் கூவிக்கொண்டு போனவர்கள் காலத்திலிருந்தே உலோகத்தைச் சேகரிக்க இங்கே விழிப்புணர்வுப் பிரசாரம் தேவைப்பட்டதில்லை. ஓட்டை அண்டாவைக் கொடுத்து, பழசின் எடையில் கழிவு போக மிச்சத்தின் விலையைக் கழித்துக்கொண்டு புதுப் பாத்திரம் வாங்கும் வழக்கம் கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில் இன்றும் உண்டு. பக்கத்து ஊரான நாச்சியார்கோவிலில் வார்க்கப்படும் குத்துவிளக்குகளில் பழைய பித்தளையும் உருகிச் சேர்கிறது. மறுசுழற்சி என்ற வார்த்தை புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே நடந்துவந்த வியாபாரம் இது.

வெட்டாமல் விட்ட மலைகள்

மத்திய எஃகு அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட பழைய எஃகு மறுசுழற்சிக் கொள்கையில் ஒரு கணக்கு உண்டு. ஒரு டன் பழைய இரும்பை உருக்கிப் பயன்படுத்தினால் 1.1 டன் இரும்புத் தாது, 630 கிலோ கோக்கிங் நிலக்கரி, 55 கிலோ சுண்ணாம்புக்கல் மிச்சம். தண்ணீர்ச் செலவு 40 சதவீதமும் பசுங்குடில் வாயு வெளியேற்றம் 58 சதவீதமும் குறையும் என்கிறது அதே ஆவணம். உலக எஃகுச் சங்கத்தின் மதிப்பீட்டில், உருகும் ஒவ்வொரு டன் பழைய இரும்பும் சுமார் ஒன்றரை டன் கார்பன் டை ஆக்சைடைத் தடுக்கிறது.

ஊதுலையில் தாதுவையும் கரியையும் போட்டு இரும்பு எடுக்கும்போது கரிக்கு இரட்டை வேலை. அது எரிந்து சூடு தருகிறது. தாதுவில் இரும்போடு பிணைந்து கிடக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுவதும் அதுவேதான். பழைய இரும்பில் அந்த ஆக்சிஜனை யாரோ எப்போதோ பிடுங்கி முடித்துவிட்டார்கள். உருக்கினால் போதும். உலகின் மொத்தக் கார்பன் வெளியேற்றத்தில் 7 முதல் 9 சதவீதம் எஃகுத் தொழிலின் கணக்கில் இருப்பதைப் பார்க்கும்போதுதான் இந்த வித்தியாசத்தின் கனம் புரியும். இந்தியாவுக்கு இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. நம் உருக்காலைகளுக்கு வேண்டிய கோக்கிங் நிலக்கரியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்துதான் கப்பலேறி வருகிறது.

தாது எங்கிருந்து வரும்? ஒரு மலையை வெட்டித்தான். திருவண்ணாமலை அருகே கவுத்திமலையிலும் வேடியப்பன் மலையிலும், சேலத்துக் கஞ்சமலையிலும் இரும்புத் தாது எடுக்கத் திட்டங்கள் வந்தபோது அந்தந்த வட்டார மக்கள் எதிர்த்து நின்றது வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

அலுமினியத்தின் கதை இன்னும் நெருக்கமானது. கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் வெட்டிய பாக்சைட் மேட்டூருக்கு லாரியில் போய் அங்கே அலுமினியமாயிற்று. அந்த ஆலை 2008-ல் நின்றது. மலை உச்சியை எவ்வளவு சீவினால் எவ்வளவு அலுமினியம் கிடைக்கும்? நாலைந்து டன் பாக்சைட்டுக்கு இரண்டு டன் அலுமினா, அதிலிருந்து ஒரே ஒரு டன் அலுமினியம். நடுவில் மிஞ்சும் காரம் தோய்ந்த செம்மண் சகதியை எங்கே கொட்டுவது என்பது தீராத தலைவலி. ஹங்கேரியின் அய்க்கா நகருக்கு அருகே 2010 அக்டோபரில் அப்படிப்பட்ட சகதித் தேக்கம் உடைந்து ஊர்களுக்குள் பாய்ந்ததில் பத்துப் பேர் இறந்தார்கள்.

மின்சாரக் கணக்கு அதைவிட மிரட்டும். அலுமினாவிலிருந்து ஒரு கிலோ அலுமினியத்தைப் பிரிக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் வேண்டும். தமிழக அரசு ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் ஏழு கிலோ அலுமினியம்தான் எடுக்க முடியும். பழைய அலுமினியத்தை உருக்கினால் இந்த ஆற்றலில் 95 சதவீதம் மிச்சம். இதுவரை உலகம் எடுத்த அலுமினியத்தில் முக்கால் பங்கு இன்னும் ஏதோ ஒரு வடிவத்தில் புழக்கத்தில் இருக்கிறது என்கிறது சர்வதேச அலுமினிய நிறுவனம். செம்பில் இந்த மிச்சம் 85 சதவீதம் வரை போகும். தூத்துக்குடி செம்பு உருக்காலை 2018-ல் மூடப்பட்ட பின், அதுவரை செம்பை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா இறக்குமதி செய்யும் நாடாக மாறியது. அந்த ஆலை எந்தச் சூழ்நிலையில், எத்தனை உயிர்களுக்குப் பிறகு மூடப்பட்டது என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தாதுவிலிருந்து செம்பு எடுப்பதன் விலை என்ன என்ற கேள்வி இங்கே ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ஃபேனிலிருந்து உருவிய அந்தக் கொத்துச் செம்பையும் அந்தக் கேள்வியோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

உலை வாய்க்கு முன்னால்

காயலான் கடையில் பிரித்த இரும்பு அங்கிருந்து மொத்த வியாபாரியின் யார்டுக்குப் போகிறது. கன இரும்பு, லைட் இரும்பு, வார்ப்பிரும்பு, லேத் சுருள், தகரம் என்று அங்கே மறுபடி தரம் பிரிப்பார்கள். பிறகு கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களின் உருக்காலைகளுக்கும் கோவையின் ஃபவுண்டரிகளுக்கும் லாரி ஏறும். கோவையில் வார்க்கப்படும் மோட்டார் பம்பு உடலில் எந்த ஊர்ப் பழைய இரும்பு கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க யாராலும் முடியாது. ஊருக்குள் திரட்டுவது போதாமல் சென்னை, தூத்துக்குடித் துறைமுகங்கள் வழியாகக் கன்டெய்னரிலும் பழைய இரும்பு வந்து இறங்குகிறது. 2019-ம் ஆண்டுக் கொள்கை தந்த கணக்குப்படி நாட்டுக்குள் ஆண்டுக்கு 25 மில்லியன் டன் திரண்டது, 7 மில்லியன் டன் இறக்குமதியானது. அந்த இறக்குமதிக்கு 2017-18-ல் கொடுத்த விலை 24,500 கோடி ரூபாய்க்கு மேல்.

இந்த உலகச் சந்தையின் பாஷை விசித்திரமானது. தந்திக் காலத்தில் சொற்சிக்கனத்துக்காக அமெரிக்க வியாபாரிகள் வைத்த சங்கேதப் பெயர்கள் இன்றும் ஒப்பந்தங்களில் ஓடுகின்றன. 'பார்லி' என்று ஆர்டர் போட்டால் உறையில்லாத பளபள செம்புக் கம்பி வரும். 'ஹனி' என்றால் மஞ்சள் பித்தளை. 'ஜோர்பா' என்றால் அரைத்துக் கலந்த அலுமினியச் சரக்கு. உணவுத் துறை அதிகாரி கையில் பில் கிடைத்தால் குழம்பிப் போவார்.

இண்டக்‌ஷன் உலையில் போய் உருகுகிறது இந்தப் பழைய இரும்பு. பார்ப்பதற்கு அது மண்ணில் புதைத்த பெரிய அண்டா. சுற்றிலும் செம்புச் சுருள், அதற்குள் தண்ணீர் ஓடும். மின்சாரம் பாயும்போது உள்ளே கிடக்கும் இரும்பு தானாகச் சூடேறி உருகும். அடுப்போ நெருப்போ கிடையாது. ஒரு டன் உருக்க ஏறத்தாழ 600 யூனிட். அந்த 600 யூனிட் கரியில் எடுத்ததா, கயத்தாற்றுக் காற்றாலையில் எடுத்ததா என்பதைப் பொறுத்து, அந்த இரும்பில் செய்யும் கம்பியின் கார்பன் கணக்கு மாறும். இந்தியாவின் எஃகில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட உலைகளில்தான் பிறக்கிறது. ஆனால் எல்லா உலையிலும் பழைய இரும்பு மட்டும் வேகிறது என்று நினைத்துவிடக் கூடாது. தாதுவை உருக்காமலே அதிலிருந்து எடுக்கும் ஸ்பான்ஞ் அயர்ன் உற்பத்தியில் உலகில் முதலிடம் நமக்குத்தான், அதில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்து எடுப்பது. பழைய இரும்பு போதாத குறையை அதுதான் நிரப்புகிறது. 'மின் உலை' என்று போர்டு மாட்டியிருப்பதாலேயே ஓர் ஆலை பசுமை ஆலை ஆகிவிடாது.

உலைக்குள் போகும் ஒவ்வொரு கூடையையும் முன்னதாகக் கிளறிப் பார்த்தாக வேண்டும். மூடிய சிலிண்டரோ வெட்டாத ஷாக் அப்சார்பரோ உள்ளே விழுந்தால் வெடிக்கும். மழையில் நனைந்து, பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய இரும்புத் துண்டும் அப்படித்தான்; உருகிய இரும்புக்குள் மூழ்கும் தண்ணீர் நொடியில் ஆவியாகி உலையையே வாந்தியெடுக்க வைக்கும். 2004-ல் காசியாபாத் அருகே ஓர் ஆலையில், இறக்குமதியான பழைய இரும்போடு வந்த போர்க் குண்டு வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் கப்பலேற்றும் முன்பே சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும் என்ற கெடுபிடி வலுத்தது.

செம்பு என்னும் தொந்தரவு

வெடிக்காத ஆபத்து ஒன்றும் உண்டு. இரும்போடு ஒருமுறை உருகிக் கலந்துவிட்ட செம்பை அதிலிருந்து வெளியே எடுக்கத் தொழிற்சாலை அளவில் கட்டுப்படியாகும் வழி இன்னும் இல்லை. கசடாக மேலே மிதந்து வராது, ஆவியாகியும் போகாது. அப்படியே தங்கிவிடும். சதவீதம் கூடினால் சூட்டில் உருட்டும்போது எஃகின் மேற்பரப்பு வெடிப்பு விடும். வீடு கட்டும் கம்பி 0.4 சதவீதம் வரை செம்பைச் சமாளித்துக்கொள்ளும். கார் கதவுக்கான மெல்லிய தகடு 0.06 சதவீதத்துக்கு மேல் தாங்காது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் இதைக் கணக்குப் போட்டு, வரும் காலத்தில் உலகின் எஃகு மறுசுழற்சிக்கு விலங்காக நிற்கப்போவது இந்தச் செம்புக் கலப்புதான் என்று எச்சரித்தார்கள்.

கலப்பு எங்கே நேர்கிறது? பணக்கார நாடுகளில் பழைய காரை முழுசாக ராட்சத அரவை எந்திரத்தில் தள்ளுகிறார்கள். இரண்டு நிமிடத்தில் கார் கைப்பிடி அளவுத் துண்டுகளாக வெளியே வரும். காந்தம் இரும்பைப் பொறுக்கும். இரும்பு அச்சோடு ஒட்டிக்கொண்ட மோட்டார்ச் சுருளையும் அந்தக் காந்தம் சேர்த்தே இழுத்துவிடும். ஒரு பெட்ரோல் காரில் 20 கிலோவுக்கு மேல் செம்பு இருக்கிறது, மின்சாரக் காரில் 80 கிலோவைத் தாண்டும். நாளைக்கு அரைக்கப்போகும் வண்டிகள் இன்றையதைவிடத் தொந்தரவானவை.

சென்னையின் பழைய வாகனச் சந்தையான புதுப்பேட்டையில் இந்தப் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை. அங்கே ஒயரிங்கை உருவி, ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, ரேடியேட்டரைத் தனியே எடுத்துவிட்டுத்தான் வெறும் கூட்டை வெட்டுவார்கள். ஓடுகிற நிலையில் இருக்கும் கியர் பாக்ஸும் கதவும் ஹெட்லைட்டும் உருகப் போவதே இல்லை, இன்னொரு வண்டியில் ஏறிவிடும். உருக்காமலே மறுபடி பயன்படுவதைவிடச் சிக்கனமான மறுசுழற்சி எது? குஜராத்தின் அலாங் கடற்கரையிலும் இதே தத்துவம்தான். 1983-லிருந்து அங்கே கப்பல் உடைக்கிறார்கள். கப்பலின் கனத்த தகடுகளில் கணிசமானவை உலைக்கே போவதில்லை. பட்டை பட்டையாக வெட்டி, சூடேற்றி, பக்கத்து ரோலிங் மில்லில் நேராகக் கம்பியாக உருட்டிவிடுவார்கள். உருக்கும் செலவும் மிச்சம்.

கையால் பிரிக்கும் தொழிலைப் பின்தங்கியது என்று ஒதுக்கும் நிபுணர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரிப்பின் சுத்தத்தில் உளியும் குறடும் பல கோடி ரூபாய் எந்திரத்தைத் தோற்கடிக்கின்றன.

நன்மை நஷ்டமாகும் இடம்

இதே கடைகளில் அந்தச் சுத்தம் தலைகீழாவதும் உண்டு. ஒரு பழைய ஃபிரிட்ஜை எடுத்துக்கொள்வோம். பின்பக்கத்துக் கம்ப்ரஸரைக் கழற்ற வேண்டும். அதில் நல்ல செம்பு இருக்கிறது. கழற்றுகிறவர் இணைப்புக் குழாயைக் கட்டரால் நறுக்குவார். ஒரு சீறல் கேட்கும். அவ்வளவுதான், வாயு போய்விட்டது. கடையில் யாரும் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

போனது எவ்வளவு? நம் வீடுகளில் பல ஆண்டுகள் ஓடிய ஃபிரிட்ஜுகளில் இருந்த ஆர்-134ஏ என்ற குளிர்வாயு, கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 1,300 மடங்கு பூமியைச் சூடாக்கக் கூடியது. நூறு கிராம் வெளியேறினால் 130 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அந்த ஃபிரிட்ஜில் 30 கிலோ இரும்பு இருப்பதாக வைத்துக்கொண்டால், அதை உருக்குவதால் தடுக்கப்படுவது 45 கிலோதான். ஒரு சீறலில் வரவைப் போல மூன்று மடங்கு செலவு. புதிய ஃபிரிட்ஜுகளில் வரும் ஐசோபியூட்டேன் இவ்வளவு மோசமில்லை. ஆனால் இன்று காயலான் கடைக்கு வருபவை புதியவை அல்லவே. ஏசி எந்திரங்களில் வாயுவின் அளவு இதைப் போலப் பல மடங்கு. அதை உறிஞ்சி சிலிண்டரில் பிடிக்கும் கருவி ஏசி மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. காயலான் கடைக்கு அதைக் கொண்டு சேர்ப்பவர் யாரும் இல்லை, பிடித்த வாயுவுக்குக் காசு தருபவரும் இல்லை.

ஒயர் எரிப்பு இன்னொரு கொடுமை. மெல்லிய ஒயர்களின் உறையைக் கையால் உரிக்க நேரமாகும் என்று ஊருக்கு வெளியே குவித்துக் கொளுத்துகிறார்கள். பிவிசி எரியும்போது டையாக்சின்கள் பிறக்கின்றன, மண்ணில் தங்கிப் பாலிலும் முட்டையிலும் ஏறும் விஷம் அது. எரித்த செம்பு கறுத்து, தரம் இறங்கி, விலையும் குறையும். ஒயர் உரிக்கும் சின்ன எந்திரம் ஒன்று இருந்தால் இரண்டு நஷ்டமும் இல்லை. மாவட்டத் தொழில் மையங்கள் மானியத்தில் தர வேண்டிய பொருள்களின் பட்டியலில் இது முதலில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது ஈயம். கார், இன்வெர்ட்டர் பேட்டரியின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் ஈயம்தான். அதனாலேயே உலகில் மிக அதிகமாக மறுசுழற்சியாகும் பொருள்களில் அது ஒன்று. பெட்டியைக் கோடாரியால் பிளந்து, அமிலத்தைச் சாக்கடையில் கொட்டி, தகடுகளைக் கொல்லைப்புறச் சட்டியில் உருக்குவதும் அந்த மறுசுழற்சிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. செனகல் நாட்டில் டக்கார் நகரை ஒட்டிய தியாரோயே கிராமத்தில் 2007 இறுதியிலும் 2008 தொடக்கத்திலுமாகப் பதினெட்டுக் குழந்தைகள் இறந்தார்கள். வீட்டு முற்றத்து மண்ணைச் சலித்து பேட்டரி ஈயம் பொறுக்கிய குடும்பங்களின் குழந்தைகள் அவர்கள். யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலைப்பட வேண்டிய அளவு ஈயம் இருப்பதாகச் சொன்னது. அவர்களில் ஏறக்குறைய 27 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள். ஈயம் வேறு வழிகளிலும் உடலுக்குள் போகிறது என்றாலும், முறையற்ற பேட்டரி உருக்கலை முக்கியக் காரணங்களில் ஒன்றாக அந்த அறிக்கை சுட்டியது.

2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்தது மறக்கக் கூடாதது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை 1985-லிருந்து பயன்படுத்தாமல் போட்டுவைத்திருந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஏலத்தில் பழைய இரும்பாக விற்கப்பட்டது. உள்ளே கோபால்ட்-60. வாங்கியவர்களுக்கு அது கனத்த ஈய உறை போட்ட பெட்டி, நல்ல சரக்கு. உடைத்தார்கள். தோல் கறுத்து முடி கொட்டி மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஒருவர் இறந்தார். படித்தவர்கள் நிறைந்த நிறுவனம் ஒன்று கவனமில்லாமல் கழித்துவிட்ட பொருளுக்கு, அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாத கூலித் தொழிலாளி உயிரைக் கொடுத்தார். ஏலப் பட்டியலில் 'பழைய இரும்பு, ஒரு லாட்' என்று எழுதுகிற ஒவ்வொரு அலுவலகமும் இதைப் படிக்க வேண்டும்.

பில்லும் தராசும்

அரசு சும்மா இருக்கவில்லை. வாகன அழிப்புக் கொள்கை 2021-ல் வந்தது. 15 வயதைத் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் செல்லாது. பேட்டரிகளுக்கு 2022-ல் தனி விதிகள். ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான விதிகள் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. வண்டி தயாரிக்கிறவர், பல ஆண்டுகளுக்கு முன் விற்ற வண்டிகளின் எஃகில் குறிப்பிட்ட பங்கு மறுசுழற்சியாவதற்குப் பொறுப்பேற்க வேண்டும். கப்பல் உடைப்புக்கான ஹாங்காங் உடன்படிக்கை 2025 ஜூன் 26 முதல் அமலில் இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் சரியாகவே தெரிகிறது.

நடைமுறையில் இந்த விதிகள் எல்லாம் கான்கிரீட் தளமும் பதிவெண்ணும் உள்ள பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நாட்டின் பழைய இரும்பில் பெரும்பகுதியைத் திரட்டுகிறவர்கள் இருநூறு சதுர அடிக் கடைக்காரர்களும் தள்ளுவண்டிக்காரர்களும். பழைய உலோகத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். தெருவில் பொறுக்குகிறவரிடம் பில் இருக்காது. ஆலைக்குப் பில் இல்லாமல் சரக்கு போக முடியாது. நடுவில் இந்த இடைவெளியை நிரப்பியது போலிப் பில் வியாபாரம். அதை அடைக்க, பதிவில்லாதவரிடமிருந்து வாங்கும் பதிவுபெற்ற வியாபாரியே வரியைக் கட்ட வேண்டும் என்று 2024 அக்டோபர் 10 முதல் மாற்றினார்கள். திருட்டு குறையலாம். வரியின் பாரம் கடைசியில் தெருவில் கொடுக்கும் கிலோ விலையில் போய்த்தான் இறங்கும். மலையை வெட்டி எடுத்த தாதுவில் செய்த இரும்புக்கும் 18, மலையைக் காப்பாற்றிய பழைய இரும்புக்கும் 18 என்பதில் என்ன நியாயம் என்று வியாபாரிகள் கேட்பதில் தப்பில்லை.

வேறு பாதையில் போன நாடு பிரேசில். அங்கே குடித்துப் போட்ட அலுமினிய டின்களில் 95 சதவீதத்துக்கு மேல் மறுபடி உலைக்குத் திரும்புகின்றன. அதைச் சாதித்தவர்கள் கட்டாடோர்கள் எனப்படும் பொறுக்கிச் சேர்ப்பவர்கள். 2002-ல் அவர்கள் வேலையை அரசு தொழில்களின் பட்டியலில் சேர்த்தது. 2010-ல் வந்த தேசியத் திடக்கழிவுச் சட்டம் அவர்களது கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பெயர் சொல்லி இடம் கொடுத்தது. வறுமை அங்கே ஒழிந்துவிடவில்லை. ஆனால் அவர்களை விரட்டிவிட்டுக் குப்பைக் கான்ட்ராக்டரை உள்ளே விடும் வேலையைச் சட்டம் சுலபமாக்கவில்லை.

தமிழ்நாட்டில் செய்யக் கூடியது அதைவிட எளிது. காயலான் கடைகளுக்குச் செலவில்லாத எளிய பதிவு, கொத்தாக உள்ள கடைகளுக்குப் பொதுவாக ஓர் ஒயர் உரிக்கும் எந்திரம், ஃபிரிட்ஜ் வாயுவை உறிஞ்ச வாரம் ஒருமுறை வரும் வண்டி, பிரிக்கிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈயப் பரிசோதனை. ஒரு மாநகராட்சி நினைத்தால் இதையெல்லாம் தொடங்கிவிட முடியும்.

வாசகர்கள் செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. செத்த இன்வெர்ட்டர் பேட்டரியைக் குப்பையில் சேர்க்காமல் சேகரிப்பு நிலையத்திலோ மறுசுழற்சி செய்வோரிடமோ ஒப்படைப்பது நுகர்வோரின் கடமை என்று 2022 விதிகளே சொல்கின்றன. ஆகவே தெருவில் வருபவரிடம் அதைப் போட வேண்டாம். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழசைக் கொடுத்து விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். பழைய ஃபிரிட்ஜையோ ஏசியையோ போடுவதற்கு முன் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு வாயுவை எடுத்துவிடச் சொல்லுங்கள். பதினைந்து வருஷத்து ஸ்கூட்டரையோ காரையோ கழிப்பதானால் பதிவுபெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் ஒப்படைத்து, வைப்புச் சான்றிதழை வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யை ரத்து செய்துவிடுங்கள். அந்தச் சான்றிதழைக் காட்டிப் புது வண்டி வாங்கும்போது மோட்டார் வாகன வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி இடம் தருகிறது.